நடந்ததை நடந்தபடியே எழுதினால் நாவல் ஆகுமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை, நான் புரிந்துகொண்ட அளவில், முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்திலிருந்து 1974-இல் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்க்கையை அவர் நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறார். பாட்டி சொன்னவற்றில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் கைப்பிரதியைப் படித்த நண்பர்கள், "எல்லாம் உண்மை என்று தெரிகிறது, ஆனால் நாவலாக இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் மெய்யாகவே வாழ்ந்த வாழ்க்கை எழுத்தில் எப்படி உயிரற்றுப் போகிறது, நாவல் ஆக வேண்டும் என்பதற்காக அதை மாற்றினால் அது பாட்டிக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று கேட்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று கலையைப் பற்றியது, மற்றது உயிரோடு இருக்கும் மனிதர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றியது. முதல் கேள்விக்கு என்னால் ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் எனக்கு இருப்பது கருத்து மட்டுமே, அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் நீண்ட காலம் கல்லூரியில் தமிழ் கற்பித்தேன். ஓய்வுபெற்ற பின் குன்னூரில் இருந்தபடி, பதிப்பாளர்களும் இளம் எழுத்தாளர்களும் அனுப்பும் நாவல் கைப்பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லிவருகிறேன். இம்மலையிலிருந்து வருபவற்றில் மிகுதியானவை குடும்பக் கதைகள்தாம்: படகர் என்ற மலைமக்களின் ஊரான ஹட்டியில் பிறந்த தாத்தா, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வாழ்ந்த பாட்டி, வெலிங்டன் ராணுவக் குடியிருப்பில் வேலை பார்த்த அப்பா. நான் நாவல் எழுதியதில்லை, தோட்ட லயத்தில் வாழ்ந்ததும் இல்லை. ஆகவே இங்கே சொல்வது வாசிப்பிலிருந்தும், பிறர் எழுதியதைத் திருத்திய அனுபவத்திலிருந்தும் வருவது.

வாழ்க்கைக்கும் கலைக்கும் உள்ள உறவு பற்றிய இந்தக் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. "நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்" என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் பேசுகிறது. உலகியல் வழக்கு என்பது உலகத்தார் நடந்துகொள்ளும் முறையோடு ஒத்துவருவது என்றும், நாடக வழக்கு என்பது சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தில் நிகழ்ந்தனவாகத் தொகுத்துச் சொல்வது என்றும் இளம்பூரணர் உரை விளக்குகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் புலவர்களின் நெறி. அந்த நூற்பா பாட்டைப் பற்றியது. நாவலோ 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்தோடு தமிழுக்கு வந்த வடிவம். எனவே ஒன்றை மற்றொன்றின் மேல் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் உங்கள் சிக்கலுக்கு ஒரு தெளிவு அதில் கிடைக்கிறது. பாட்டியின் வாழ்க்கையை நீங்கள் உலகியல் வழக்கில் முழுமையாக வைத்திருக்கிறீர்கள். தொகுத்தல் என்ற வேலையைத் தொடவே இல்லை. தொகுத்தல் என்றாலே பொய் சொல்லுதல் என்று நீங்கள் அஞ்சுவது கேள்வியிலேயே தெரிகிறது.

எங்கே உயிர் போனது என்பதைக் காட்ட, நீங்கள் கேள்வியோடு இணைத்திருந்த பத்தியையே எடுத்துக்கொள்கிறேன். "1974-இல் பாட்டி கப்பல் ஏறித் தாயகம் திரும்பினார். மண்டபம் முகாமில் மூன்று வாரங்கள் இருந்தார். பிறகு கோத்தகிரிக்கு அனுப்பப்பட்டார். அங்கே டான்டீயில் வேலை கிடைத்தது. குளிராலும் வறுமையாலும் மிகவும் துன்பப்பட்டார்." (மண்டபம் என்பது ராமேஸ்வரத்துக்கு அருகே தாயகம் திரும்பியோரைத் தங்கவைத்த முகாம்; டான்டீ என்பது அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனம்.) இவ்வளவும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இதைச் சொல்பவர், எல்லாம் நடந்து முடிந்த பிறகு, முடிவில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கிறார். கப்பல் ஏறிய பெண்ணுக்குக் கோத்தகிரி என்ற ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. முகாமில் இருந்தவருக்கு அது மூன்று வாரமா மூன்று வருடமா என்று தெரியாது. அடுத்து என்ன வரும் என்று அறியாமல் ஒவ்வொரு நாளையும் கடப்பதுதான் வாழ்வதன் அடிப்படை இயல்பு என்று நான் கருதுகிறேன். நினைவு முதலில் அழிப்பது அந்த அறியாமையைத்தான். பாட்டி பேரனுக்குச் சொல்லும்போது கதை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தன் விளைவைக் கையில் பிடித்துக்கொண்டே வருகிறது. நாவலாசிரியரின் வேலை, அந்த விளைவை நிகழ்ச்சியிடமிருந்து பிடுங்கி, அன்றைக்கு இருந்த தெரியாமையை மறுபடி அங்கே வைப்பது. அது நடக்காவிட்டால், எத்தனை நேர்மையாக எழுதினாலும் வாழ்க்கையின் சுருக்கக் குறிப்புத்தான் கிடைக்கும்.

இதே குறையை நம் மலையின் விவசாயக் குடும்பக் கதைகளிலும் பார்க்கிறேன். "உருளைக்கிழங்கை விட்டோம், தேயிலையை நம்பினோம், ஏமாந்தோம்" என்று மூன்று வாக்கியத்தில் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. வேரைத் தாக்கும் நூற்புழு 1961-இல் இங்கே உருளைக்கிழங்கு வயல்களில் கண்டறியப்பட்டது. தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுக்கக் கூட்டுறவு அமைப்புகள் வந்தன. வங்கி கடன் கொடுத்தது. பக்கத்து நிலத்துக்காரர் பச்சைத் தேயிலைப் பணத்தில் வீடு கட்டினார். இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் தம் கடைசிக் கிழங்கு வயலிலும் தேயிலை நட்டிருப்பார். தொண்ணூறுகளின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது என்பதை அறிந்த நாம் அவரை ஏமாளி என்கிறோம். நட்ட அந்தக் காலைப்பொழுதில் அது மிகவும் புத்திசாலித்தனமான காரியமாக இருந்தது. அந்தக் காலைப்பொழுதை அதன் நியாயத்தோடு எழுத முடிந்தால், விலைச் சரிவைப் பற்றி ஒரு வரி எழுதினாலே போதும், படிப்பவரின் வயிறு கலங்கும்.

உங்கள் பாட்டியின் கதைக்குத் திரும்புகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மலையகத் தோட்டங்களில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணி கட்டி, மழைக்கும் குளிருக்கும் தலையிலிருந்து கம்பளி போட்டுக்கொள்வது வழக்கம். இந்தியாவுக்குப் போகிறோம் என்றதும் அவர் மனத்தில் எழுந்தது எந்த இந்தியா? தாத்தா சொல்லக் கேட்ட திருச்சிச் சீமையின் கரிசல் மண்ணும் வெயிலுமாகத்தான் பெரும்பாலும் இருந்திருக்கும். அப்படி நம்பிய ஒரு பெண் பெட்டி கட்டும்போது கம்பளியை என்ன செய்வாள்? "அங்க வெயிலுக்கு இது எதுக்குக்கா, நீங்களே வச்சுக்குங்க" என்று பக்கத்துக் காம்பிராக்காரியிடம் (லயத்தின் அடுத்த அறையில் இருப்பவளிடம்) கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். வாசகர் அந்த இடத்தில் எதையும் உணர மாட்டார்; ஒரு பெண் தன் பழைய கம்பளியைக் கொடுக்கிறாள், அவ்வளவுதான். மண்டபத்தின் உப்புக்காற்றிலும் புழுக்கத்திலும் அவள் கணக்குச் சரியாகவே இருக்கிறது. லாரியோ பேருந்தோ மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறி, ஐப்பசி மழையில் கோத்தகிரியில் இறக்கிவிடும்போது, அவள் கை தானாகத் தோளைத் தடவும். 'குளிரால் மிகவும் துன்பப்பட்டார்' என்ற வாக்கியத்துக்கு அதன் பிறகு தேவையே இருக்காது. ஏனென்றால் வாசகரும் அவளோடு சேர்ந்து அந்தக் கம்பளியைக் கொடுத்தவர்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: பாட்டி அப்படிக் கொடுக்கவில்லை என்றால்? முதலில் கேட்டுப் பாருங்கள். ஆனால் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அதை ஏற்கெனவே கேட்டுவிட்டீர்கள். "அடுத்து என்ன நடக்கும்னு அப்ப நினைச்சீங்க அப்பாயி?" என்று கேளுங்கள். கப்பலில் நிற்கும்போது எந்த ஊருக்குப் போவதாக நினைத்தார், எதை எடுத்துவந்தார், எதை விட்டுவந்தார், யாரிடம் "அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்" என்று சொன்னார் என்று கேளுங்கள். நடந்ததைப் பலமுறை சொல்லிச் சொல்லி அது தேய்ந்து ஒரே வடிவத்தில் இறுகிப்போயிருக்கும். நடக்கும் என்று நம்பி நடக்காமல் போனதை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் கண்ட வரையில், குடும்பக் கதைகளை எழுதுகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வி தந்ததைப் போல வேறு எந்தக் கேள்வியும் தந்ததில்லை.

கேட்டும் கிடைக்காத இடத்தில் கற்பனை செய்யலாமா என்றால், செய்யலாம் என்பதே என் உறுதியான பதில். ஆனால் ஓர் அளவுகோல் வேண்டும். நீங்கள் புனையும் செயல், அந்தப் பெண் அன்று அறிந்திருந்ததையும் நம்பியதையும் மீறாமல் வருகிறதா என்று பாருங்கள். மீறாமல் வந்தால் அது பாட்டியின் வாழ்க்கைக்குள்ளிருந்தே எடுத்தது. வாசகரை அழவைக்க வேண்டும் என்பதற்காகக் கம்பளியைக் கொடுக்கவைத்து, அதே இரவில் குழந்தைக்குக் காய்ச்சலையும் வரவழைத்து, மருத்துவமனைக் கதவையும் பூட்டிவைத்தீர்கள் என்றால், அங்கே நாடக வழக்கு உலகியலை விட்டுத் தனியே ஓடிவிட்டது. அப்படி எழுதப்பட்ட கைப்பிரதிகளை நான் நிறையப் படித்திருக்கிறேன். துன்பம் கூடக் கூட நம்பிக்கை குறைகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு சிக்கலும் உங்கள் கைப்பிரதியில் இருக்கிறது. வேறு கப்பலில் வந்து வேறு ஊருக்கு அனுப்பப்பட்ட தம்பியைப் பல ஆண்டுகள் கழித்து மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் பாட்டி தற்செயலாகச் சந்தித்தார் என்பதை நாவலின் உச்சமாக வைத்திருப்பதாகவும், அதைத்தான் நண்பர்கள் சினிமாத்தனம் என்று சொன்னதாகவும், அது நூற்றுக்கு நூறு உண்மை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மை என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சிக்கு, அது நடந்துவிட்டது என்பதே சான்று. நாவலில் அந்தச் சான்று கிடையாது. அங்கே முன்பக்கங்களில் எழுதப்பட்டவை மட்டும்தாம் சான்று. "இது உண்மையாகவே நடந்தது" என்று நீங்கள் வாசகரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தற்செயல் கதையைத் தொடங்கிவைத்தால் வாசகர் ஏற்றுக்கொள்வார்; முடித்துவைத்தால் ஏற்க மாட்டார். ஆகவே அந்தச் சந்திப்பை முன்னால் கொண்டுவந்து, அதன் பிறகு இருவரும் என்ன செய்தார்கள் என்று எழுத முடியுமா என்று யோசியுங்கள். சந்தித்த மகிழ்ச்சி அரை மணி நேரம் இருக்கும். பிறகு தம்பியின் மனைவி யார், அம்மா எங்கே இறந்தார், இத்தனை நாள் ஏன் தேடவில்லை என்ற கேள்விகள் வரும். நாவலுக்குரிய பொருள் அங்கேதான் கிடக்கிறது.

உங்களுக்கு நாவலாசிரியராகச் சற்றும் விலக்குக் கிடைக்காத இடம் ஒன்று உண்டு. நிலமும் பொழுதும் தொழிலும் சட்டமும் சரியாக இருக்க வேண்டும். மனிதரைப் புனையலாம், மழையைப் புனையக் கூடாது. கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. ஆனித் திங்களில் அடைமழை கொட்டுவதாக நீங்கள் எழுதியிருக்கும் காட்சி கூடலூருக்கும் பந்தலூருக்கும் பொருந்தும், உங்கள் ஊருக்குப் பொருந்தாது. (குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று வகுத்தவர்கள் நம் கிழக்குச் சரிவின் ஐப்பசி கார்த்திகையைக் கண்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார்கள்.) அடுத்து, 1974-இல் வந்தவருக்கு உடனே டான்டீயில் வேலை கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டமாக 1968-இல் தொடங்கியதுதான் 1976-இல் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாகச் செயல்படத் தொடங்கியது. எனவே முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அந்தப் பெயர் யார் வாயிலும் வந்திருக்காது. இது சிறிய பிழைதான். ஆனால் இந்த வட்டாரத்து வாசகர் ஒருவர் இதில் இடறினால், பாட்டியின் கண்ணீரையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

பாட்டி "தனுஷ்கோடியில் வந்து இறங்கினோம்" என்று சொன்னதாகவும் ஓரிடத்தில் வருகிறது. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்துவிட்டது. பின்னர் தலைமன்னாரிலிருந்து வந்தவர்கள் 'ராமானுஜம்' போன்ற கப்பல்களில் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள், 1984-இல் அந்தப் போக்குவரத்து நிற்கும் வரை. பாட்டி பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் தாத்தாவும் போக்குவரத்தாக இருந்த காலத்தில் தனுஷ்கோடி என்ற பெயரைச் சொல்லியிருப்பார்கள், அது அவர் நினைவில் தம் பயணத்தோடு கலந்திருக்கும். இதைத் திருத்தி அழித்துவிட வேண்டாம். கதைமாந்தர் தவறாக நினைவுகூரலாம், கதைசொல்லி தவறக் கூடாது. ராமேஸ்வரத்தில் இறங்கியதாக ஓர் அத்தியாயத்தில் நீங்கள் எழுதிவிட்டு, முதுமையில் அவர் பேரனிடம் தனுஷ்கோடி என்று சொல்வதாக இன்னோர் அத்தியாயத்தில் எழுதினால், நாடு திரும்புவதைப் பற்றி மூன்று தலைமுறையாக அந்தக் குடும்பம் கண்ட கனவு முழுவதும் அந்த ஒரு பிழைக்குள் வந்துவிடும். நாவலால் மட்டும் செய்யக்கூடிய காரியம் இது. வரலாற்றாசிரியர் அந்தப் பிழையைக் களைந்தாக வேண்டும்.

வாழ்விலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எதை அப்படியே எடுக்கலாம் என்பதற்கு டால்ஸ்டாயின் 'அன்னா கரீனினா' நல்ல பாடம். 1872 ஜனவரியில் அவர் பண்ணைக்கு அருகே இருந்த ரயில் நிலையத்தில், அண்டை நிலக்கிழார் ஒருவரோடு வாழ்ந்துவந்த அன்னா பிரகோவா என்ற பெண் சரக்கு ரயிலின் முன் விழுந்து உயிர்விட்டாள். டால்ஸ்டாய் போய் அந்த உடலைப் பார்த்தார். நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தப் பெயரையும் அந்தச் சாவையும்தான். அந்தப் பெண்ணின் வாழ்க்கையை எடுக்கவில்லை. அவருடைய நாயகி வேறு வர்க்கத்தவள், வேறு வீட்டுக்காரி, வேறு காரணங்கள் உடையவள். அந்தச் சாவு தவிர்க்க முடியாதது என்று வாசகருக்கு ஆவதற்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் கடக்கின்றன. அதே நூலில் லெவின், கிட்டியிடம் சீட்டாட்ட மேசையில் சுண்ணக்கட்டியால் சொற்களின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் காதலைச் சொல்லும் காட்சி வருகிறது. அது டால்ஸ்டாய் தம் வருங்கால மனைவியிடம் செய்ததை ஏறக்குறைய அப்படியே எடுத்து எழுதியது. தம் வாழ்க்கையை மாற்றாமல் கொடுத்தார், பிறர் வாழ்க்கையை முற்றிலும் மாற்றிக் கொடுத்தார் என்று இதை நான் வாசிக்கிறேன். இது எல்லா எழுத்தாளருக்கும் விதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொடங்குகிறவருக்கு நல்ல வழிகாட்டி.

தாமே வாழாத வாழ்க்கையை ஒருவர் எழுத முடியுமா என்றும் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். இது ஐயத்துக்குரிய இடம். நம் மலையைப் பற்றிய 'குறிஞ்சித் தேன்' நாவலை 1963-இல் தந்த ராஜம் கிருஷ்ணன் படகர் அல்லர். மின்துறைப் பொறியாளராக இருந்த கணவரோடு நீலகிரியில் குடியிருந்தபோது இந்த மக்களோடு பழகி, கேட்டு, பார்த்து எழுதினார். மண்ணை விடாத ஜோகி, பணத்தைத் தேடிப் போகும் ரங்கன் என்ற அந்த எதிர்நிலை எனக்குச் சற்று மிகையான ஒழுங்காகவே படுகிறது. வாழ்க்கை ஒரே மனிதனுக்குள் அந்த இருவரையும் வைக்கும். ஆனால் தேயிலையும் மின்சாரமும் நுழையும்போது ஒரு ஹட்டியின் உறவுகள் எப்படி மாறுகின்றன என்பதை, நான் அறிந்த வரையில், உள்ளிருந்து எவரும் அவ்வளவு விரிவாக அதற்கு முன் எழுதியிருக்கவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல், தாம் அங்கு வருவதற்கு முந்தைய காலத்துத் தோட்டக் கொடுமைகளைத் தொழிலாளர்களிடம் கேட்டறிந்து 1969-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக எழுதினார், அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. ஆகவே வாழ்ந்திருக்க வேண்டும் என்பது கட்டாயம் அன்று. கேட்டிருக்க வேண்டும் என்பது கட்டாயம். வெளியிலிருந்து எழுதுகிறவருக்குத் தெரியாமலே போகும் ஏதோ ஒன்று உண்டா என்றால், உண்டு என்றுதான் என் மனம் சொல்கிறது. அது எது என்று என்னால் விரல்வைத்துக் காட்ட முடியவில்லை. பேரன் என்ற முறையில் நீங்கள் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்கிறீர்கள். அது நல்ல இடம்.

இனி கடனைப் பற்றிய கேள்வி. "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்று அதே அகத்திணையியல் சொல்கிறது. அகப்பாட்டில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. இன்னார் என்று சுட்டிவிட்டால் அது அகம் ஆகாது. இதைப் பண்பாட்டுக் கூச்சம் என்று சிலர் விளக்குவார்கள். நான் இதைக் கலை நுட்பமாகவும் பார்க்கிறேன். பெயர் இல்லாத அந்தத் தலைவி எந்தப் பெண்ணாகவும் இருக்க முடிவதால்தான், அவளுடைய மிக அந்தரங்கமான துயரத்தை வெளிப்படையாகப் பாட முடிந்தது. பாட்டியின் பெயரையும், கோத்தகிரிக்கு அருகிலுள்ள அந்தத் தோட்டப் பிரிவின் பெயரையும், பெரியப்பாவின் பெயரையும் நீங்கள் அப்படியே வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் பெரியப்பா வரும் இடங்களிலெல்லாம் உங்கள் கை கட்டுண்டு போகிறது. புனர்வாழ்வுக் கடன் தொகையை அவர் குடித்தே அழித்தார் என்ற ஒரு வரிக்கு மேல் உங்களால் போக முடியவில்லை. பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், அவரைத் தாய்மாமன் ஆக்குங்கள். அதன் பிறகுதான் அவர் ஏன் குடித்தார், தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் தலைநிமிர்ந்து நின்றவர் இங்கே 'சிலோன்காரன்' என்று அழைக்கப்பட்டபோது என்ன ஆனார் என்று உங்களால் எழுத முடியும். உறவுமுறையை மாற்றுவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே வரியில் அவரைக் குடிகாரராக நிறுத்திவிட்டுப் போவதே பெரிய அநீதி.

பாட்டியைப் பொறுத்தவரை என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கே இரு மனம். அவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே வெளியிட வேண்டும் என்பது ஒரு நிலை. வாய்விட்டுக் கதை சொன்னவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே படித்துக்காட்டினால், அவர் தம் நினைவின் இறுகிய வடிவத்துக்கு உங்களைத் திரும்ப இழுப்பார், நீங்களும் அன்பினால் இணங்கிவிடுவீர்கள். முழுப்பிரதியும் முடியும் வரை காட்டாமல் இருந்து, முடிந்ததும் படித்துக்காட்டி, அவர் இது வேண்டாம் என்று சுட்டும் பகுதியை விவாதமில்லாமல் எடுத்துவிடுவது என்பது நான் இப்போது சாய்ந்திருக்கும் வழி. அப்படி எடுப்பதால் நாவல் குறைபட்டுப் போகலாம். குறைபட்டாலும் பரவாயில்லை என்று ஒரு பேரனிடம் சொல்வேன். ஓர் எழுத்தாளரிடம் சொல்வேனா என்று தெரியவில்லை.

முழுக் கைப்பிரதியையும் இப்போதே திருத்த உட்கார வேண்டாம். மண்டபம் முகாமின் அந்த மூன்று வாரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது. யார் யாரோ வந்து வயநாட்டுப் பக்கம் என்பார்கள், ஆந்திரா என்பார்கள், பருத்தி ஆலை என்பார்கள். கோத்தகிரி என்ற சொல் அந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை வரக் கூடாது என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, இருபது பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதியதை இங்கேயே இட்டால், நானும் படித்துச் சொல்கிறேன், தோட்டத்து வாழ்க்கையை என்னைவிட நன்றாக அறிந்த வேறு நண்பர்களும் சொல்வார்கள்.